டூர் நடுவில் ஆலங்கட்டி மழையா? பைக்கைக் கவனிப்பதும் கிளெய்ம் வாங்குவதும்

மார்ச்சிலிருந்து ஜூன் வரை தமிழ்நாட்டிலிருந்து என்.எச்.44 பிடித்து வடக்கே பைக்கில் போகிறவர்கள் வெயிலுக்குத் தயாராகிப் போகிறார்கள், பஞ்சருக்கும் தயாராகத்தான் போகிறார்கள், ஆலங்கட்டிக்கு மட்டும் யாரும் தயாராவதில்லை. ஆனால் அதிலாபாத், நாக்பூர், சிவனி, சாகர் என்று அந்த ரோடு போகிற பகுதி முழுக்க பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஆலங்கட்டி விழும் இடம். 2014 பிப்ரவரி, மார்ச்சில் விதர்பாவிலும் மராத்வாடாவிலும் விழுந்தது நினைவிருக்கும், விவசாயிகளின் பயிர் எல்லாம் போனது. அதற்கும் வடக்கே ஹிமாச்சல், உத்தராகண்ட் மலைகளில் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை, அதாவது நம் ஆட்கள் லடாக் கிளம்பும் அதே நேரத்தில் இது சகஜம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், சித்திரை வெயிலில் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கமும் பெங்களூரிலும் கோடை மழையோடு சேர்ந்தே விழும்.

சென்னைக்காரர்களுக்கு இது புதுசாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் மேலே தண்ணீர் உறையும் உயரம் சுமார் 5 கி.மீ. அதற்கும் மேலே மேகத்துக்குள் கட்டி உருவானாலும் கீழே வருவதற்குள் சூடான காற்றில் கரைந்து வெறும் பெரிய மழைத்துளியாகிவிடும். பீடபூமியிலும் மலையிலும் தரையே உயரத்தில் இருக்கிறது, கரைய நேரம் கிடைப்பதில்லை. அதனால் கடற்கரை ஊரில் பழகிய கண்ணோடு "சும்மா மழைதான், ஓட்டிவிடலாம்" என்று முடிவு எடுக்காதீர்கள்.

மேகம் திரளும்போது

கோடை இடிமழை பெரும்பாலும் மதியம் 2 மணிக்கு மேல், சாயங்காலம் வரை வரும். காலை 5 மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் அன்றைய தூரத்தை முடிக்கிறவருக்குப் பாதி ஆபத்து அங்கேயே குறைந்துவிடுகிறது. இந்திய வானிலைத் துறையின் மௌசம் ஆப்பில் மாவட்டவாரியாக அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கை வரும், டீ குடிக்க நிற்கும்போதெல்லாம் ஒரு தடவை பாருங்கள். ரேடார் படம் பார்க்கத் தெரிந்தால் இன்னும் நல்லது: நாக்பூர், ஹைதராபாத், போபால், பாட்டியாலா எல்லா இடத்திலும் டாப்ளர் ரேடார் இருக்கிறது. போகும் வழியில் 55 டி.பி.இசட். (ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலியின் பலத்தைச் சொல்லும் அளவு) தாண்டிய சிவப்புத் திட்டு நின்றால் அதற்குள் ஆலங்கட்டி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மின்னலுக்கு தாமினி ஆப். தாபாவில் லாரிக்காரர்கள் "ஓலே", மகாராஷ்டிராவில் என்றால் "கார்பீட்" என்று பேசிக்கொள்வது காதில் விழுந்தால் அவர்கள் சொல்வது இதைத்தான், எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

போனில் சிக்னலே இல்லையென்றாலும் வானம் சொல்லிவிடும். உச்சி தட்டையாகப் பரந்த மேகம், அடிப்பக்கம் கரும்பச்சை கலந்த நிறம், அதுவரை அனலாக அடித்த காற்று திடீரென்று சில்லென்று மாறுவது, அப்புறம் ஒன்றிரண்டாகப் பெரிய பெரிய துளிகள். சில்லென்ற காற்று முகத்தில் பட்டதும் கூரை தேட வேண்டும். அந்த நேரத்தில் "அடுத்த ஊர் 12 கி.மீ.தான்" என்று கணக்குப் போடக்கூடாது.

எந்தக் கூரை? பெட்ரோல் பங்க் முதல் தேர்வு, அடுத்தது டோல்கேட் பக்கத்துக் கட்டடம், தாபா, பேருந்து நிழற்குடை. மரத்தடி வேண்டவே வேண்டாம், ஆலங்கட்டியோடு மின்னலும் கிளை முறிக்கும் காற்றும் சேர்ந்தே வரும். ரோட்டுக்கு அடியில் இருக்கும் சின்னப் பாலக்குழாயும் வேண்டாம், தண்ணீர் எப்போது பாயும் என்று சொல்ல முடியாது. மேம்பாலத்துக்கு அடியில் நிற்கலாம், ஆனால் ரோட்டை விட்டு முழுசாக இறங்கி, தூணை ஒட்டி. மழை பெய்கிற ஹைவேயில் ஓரக் கோட்டில் வரிசையாக நிற்கும் பைக்குகளைப் பின்னால் வரும் லாரி கடைசி நொடியில்தான் பார்க்கும். இதைப் பல தடவை பார்த்துப் பயந்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

கூரை கண்ணில் படுவதற்கு முன்பே விழ ஆரம்பித்துவிட்டால் முதலில் வேகத்தைக் குறையுங்கள், ஏனென்றால் இதில் வேகம்தான் எல்லாம். 2.5 முதல் 4.5 செ.மீ. வரை உள்ள கட்டி மணிக்கு சுமார் 40 முதல் 65 கி.மீ. வேகத்தில் விழுகிறது. மேலிருந்து 60-ல் விழும் கட்டி 80-ல் போகிறவர் மேல் 100 கி.மீ. வேகத்தில் மோதும், அடியின் பலம் நின்றிருப்பவருக்கு விழுவதைவிட கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வைசர் உடைவதும் விரல் வீங்குவதும் ஹெட்லைட் கீறல் விடுவதும் இப்படி ஓட்டிக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் அதிகம். தரையில் கட்டி பரவிவிட்டால் டயருக்குப் பிடிமானம் இருக்காது. முன் பிரேக்கைப் பிடிக்காமல், வண்டியைச் சாய்க்காமல், ஆக்சிலேட்டரை விட்டு கியரைக் குறைத்து நேராகவே நின்றுவிடுங்கள், வளைவில் இருந்தால் இன்னும் மெதுவாக.

நின்றதும் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். 1888 ஏப்ரல் 30-ஆம் தேதி மொராதாபாத்தில் ஆலங்கட்டியால் 246 பேர் இறந்தார்கள் என்று பதிவு இருக்கிறது, மனிதத் தலைக்கு இது விளையாட்டு இல்லை. டேங்கில் சொட்டை விழுந்தால் எடுத்துவிடலாம், அதனால் பைக்கை வெட்டவெளியில் விட்டுவிட்டு நீங்கள் கூரைக்கு ஓடுவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஒரு நிமிஷம் நேரம் இருந்தால் மட்டும் இரண்டு வேலை. ஒன்று, காற்று பைக்கின் வலது பக்கத்திலிருந்து அடிக்கும்படி திருப்பி சைடு ஸ்டாண்டு போட்டு முதல் கியரில் விடுங்கள், ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல் ஒன்று வையுங்கள். சைடு ஸ்டாண்டில் பைக் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், காற்று அந்தப் பக்கமே தள்ளினால் விழாது, எதிர்ப்பக்கம் தள்ளினால் விழுந்துவிடும். மழையில் மண் இளகினால் ஸ்டாண்டு புதைந்தும் விழும். சென்டர் ஸ்டாண்டு பலத்த காற்றுக்கு நல்லதல்ல. இரண்டாவது, டேங்க் மேலேயும் மீட்டர் மேலேயும் தடிமனாக எதையாவது போடுங்கள்: தூங்கும் பை, போர்வை, ஃபோம் பாய், துணி நிரம்பிய பை. மெல்லிய பைக் கவர் கீறலைத் தடுக்கும், டெண்டைத் தடுக்காது. ஹேண்டில்பாரில் மாட்டிய போனை எடுத்து உள்பாக்கெட்டில் வைத்துவிடுங்கள், மழை நின்றதும் அதுதான் வேண்டும்.

நின்றவுடனே, கட்டி கரைவதற்குள்

துடைக்காதீர்கள். கட்டியைத் தட்டிவிடாதீர்கள். முதலில் போட்டோ. ஆலங்கட்டி மழை முடிந்து அரை மணி நேரத்தில் வெயில் அடித்துத் தரை காய்ந்துவிட்டால், டேங்கில் இருக்கும் சொட்டை எப்படி விழுந்தது என்பதற்கு உங்கள் வாயைத் தவிர சாட்சி இருக்காது.

இருப்பிடமும் நேரமும் பதியும்படி கேமராவை வைத்து, பைக், நம்பர் பிளேட், சுற்றிக் கிடக்கும் கட்டிகள் மூன்றும் ஒரே படத்தில் வரும்படி இரண்டு மூன்று படம் எடுங்கள். ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பக்கத்தில் 5 ரூபாய் நாணயம் வைத்து ஒன்று. அப்புறம் பைக்கைச் சுற்றி நிறுத்தாமல் ஒரு வீடியோ, வாயாலேயே தேதி, இடம், கிலோமீட்டர் கல் எண் எல்லாம் சொல்லிக்கொண்டே. டெண்ட் நேராக எடுத்தால் படத்தில் தெரியாது, போனைப் பக்கவாட்டில் தாழ்த்தி, டேங்கில் வானமோ ட்யூப்லைட்டோ பிரதிபலிக்கும் கோணத்தில் எடுத்தால் ஒவ்வொரு குழியும் துல்லியமாக விழும். பக்கத்தில் நின்ற கார்களும் அடிபட்டிருந்தால் அவற்றையும் ஒரு படம். மறுநாள் அந்த ஊர்ச் செய்தித்தாளில் ஆலங்கட்டி செய்தி வந்திருந்தால் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் கேட்டால் காட்டலாம்.

ஓட்டலாமா வேண்டாமா

டேங்க் டெண்டைப் பார்த்து மனசு நொந்து நிற்கும் நேரம் இது, ஆனால் டெண்ட் ஓட்டத்துக்குத் தடையே இல்லை. வழியில் சரிசெய்ய வேண்டியது இரண்டே வகை: பாதுகாப்பைக் கெடுப்பது, தண்ணீரை உள்ளே விடுவது. மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்துதான். போகிற ஊரில் முதலில் கண்ணில் படும் பட்டறையில் டேங்கைக் கொடுத்து டூரையும் கிளெய்மையும் ஒன்றாகக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

டேங்க் மூடியில் தொடங்குங்கள், பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மூடியைச் சுற்றியுள்ள குழியில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். ஆலங்கட்டி இலைகளைப் பொடிப்பொடியாக வெட்டிப் போடும், அந்த இலைத்தூள் துளையை அடைத்து, கட்டி கரைந்த தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கிவிடும். அப்படியே சாவி போட்டுத் திறந்தால் அவ்வளவும் பெட்ரோலுக்குள். முதலில் சுத்தமாகத் துடைத்து, துளையில் மெல்லிய ஒயர் விட்டு அடைப்பை எடுத்துவிட்டுத் திறக்க வேண்டும். இப்போது நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது, அது தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், பம்ப்பும் அடியில்தான் இருக்கிறது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இன்ஜின் திக்கித் திணறினால் இதைச் சந்தேகப்பட்டு மெக்கானிக்கிடம் டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள், ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி ஓட்டிப் பார்க்காதீர்கள்.

அடுத்து லைட்: ஹெட்லைட், பிரேக் லைட், நாலு இண்டிகேட்டர். ஹெட்லைட் கண்ணாடி பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் நட்சத்திரம் மாதிரி கீறல்தான் விழும், நன்றாகத் துடைத்துக் காயவைத்து ஒளி ஊடுருவும் அகலமான டேப் ஒட்டினால் வீடு வரை தாங்கும். மீட்டர் கண்ணாடிக்கும் அதேதான், உள்ளே ஏற்கெனவே ஆவி படிந்திருந்தால் ஒட்டுவதற்கு முன் வெயிலில் காயவிடுங்கள். விண்ட்ஷீல்டில் கீறல் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் இடத்தில் மெக்கானிக் கடையில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடச் சொல்லுங்கள், கீறல் அங்கேயே நின்றுவிடும். ஸ்க்ரூ துளை வரை பிளந்திருந்தால் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஓட்டுங்கள், 90-ல் போகும்போது அது பிய்ந்து கழுத்துக்கு வரக்கூடாது. சீட் கவர் கிழிந்திருந்தால் டக்ட் டேப் ஒட்டி மேலே பாலிதீன் கட்டுங்கள். ஃபோம் ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டால் நாலு நாள் உட்காரவே முடியாது.

ரேடியேட்டர் உள்ள வண்டியில் முன்பக்கம் குனிந்து பாருங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது அடிபட்டிருந்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கியிருக்கலாம். கொஞ்சம் மடங்கியதை விட்டுவிடலாம், ஒரு பெரிய பகுதி மூடிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் கரண்டிக் காம்பு போல மழுங்கிய எதையாவது வைத்து மெதுவாக நிமிர்த்துங்கள், நடுவில் ஓடும் குழாயில் படக்கூடாது. பச்சையோ நீலமோ கூலன்ட் ஈரம் தெரிந்தால் ஓட்டாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033 எண்ணில் உதவி கேட்கலாம், பாலிசியோடு சாலையோர உதவி வாங்கியிருந்தால் அதையும் இப்போதுதான் பயன்படுத்த வேண்டும்.

டேங்கில் பெயிண்ட் பெயர்ந்து இரும்பு தெரிகிற இடம் இருந்தால், அதையும் போட்டோ எடுத்த பிறகு, துடைத்துக் காயவைத்து நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். துரு பிடிக்காமல் ஊர் வந்து சேரும். கடைசியாக ஹெல்மெட். ஓட்டில் வெடிப்போ அழுத்திய குழியோ இருந்தால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கும் நசுங்கியிருக்கலாம், அதை மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இதில் மட்டும் சமாளிப்பு கிடையாது.

இன்சூரன்ஸ்

ஆலங்கட்டி சேதம் 'ஓன் டேமேஜ்' பகுதியில், அதாவது உங்கள் வண்டிக்கே ஆகும் சேதத்துக்குப் பணம் தரும் பகுதியில் வரும். வழக்கமான இந்திய மோட்டார் பாலிசியில் வெள்ளம், புயல், சூறாவளி இருக்கும் அதே வரியில் ஆலங்கட்டியும் பெயர் சொல்லி இருக்கிறது. தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் ஒரு ரூபாய் வராது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு 5 வருட தேர்டு பார்ட்டி கட்டாயம், அதோடு சேர்த்து ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டும்தான் போட்டிருப்பார்கள். "5 வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று நினைத்து இரண்டாம் வருடம் டூர் கிளம்புகிறவருக்கு உண்மையில் ஆலங்கட்டிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. கிளம்புவதற்கு முன் பாலிசியைத் திறந்து இரண்டு முடிவுத் தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். வெளியில் வாங்கி மாட்டிய விண்ட்ஷீல்டு, டாப் பாக்ஸ், கூடுதல் லைட் எல்லாம் பாலிசியில் எழுதிச் சேர்த்திருந்தால்தான் அவற்றுக்குப் பணம் வரும்.

பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும். அதனால் சேதம் ஆன அன்றே, முடிந்தால் அங்கிருந்தபடியே, கம்பெனிக்குப் போன் அல்லது ஆப் மூலம் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிவிடுங்கள். "வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது, பயணம் முடித்து என் ஊரில் உள்ள சர்வீஸ் சென்டரில் சர்வே வைத்துக்கொள்ளலாமா" என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள். சில கம்பெனிகள் சின்னத் தொகைக்கு வீடியோவிலேயே பார்த்து முடித்துவிடும். சர்வே முடியும் வரை டேப் ஒட்டுவதற்கு மேல் எந்த ரிப்பேரும் செய்யக்கூடாது, உடைந்த பாகத்தைத் தூக்கி எறியவும் கூடாது.

கிளெய்ம் பண்ணலாமா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் தேய்மானம் 50 சதவீதம் கழிப்பார்கள். உலோகத்துக்கு வண்டி வயதைப் பொறுத்து: 1 முதல் 2 வருடம் 10, 2 முதல் 3 வருடம் 15, 3 முதல் 4 வருடம் 25 சதவீதம் என்று ஏறும். பெயிண்ட் செலவில் கால் பங்கைப் பொருள் விலை என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். டூவீலருக்குக் கட்டாயக் கழிவு 100 ரூபாய்.

ஒரு உதாரணம். மூன்றரை வயது வண்டி, டேங்க் மாற்ற 12,000, பெயிண்ட் 4,000 என்று வைத்துக்கொள்வோம். டேங்கில் 3,000, பெயிண்டில் 500, கட்டாயக் கழிவு 100 போக உங்களுக்கு வருவது 12,400. இதற்குப் பதிலாக இழப்பது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி. இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்றால் அடுத்த வருடம் 45, அதற்கப்புறம் 50 என்று போயிருக்க வேண்டியது, கிளெய்முக்குப் பிறகு 0, 20, 25, 35, 45 என்று மறுபடி முதலிலிருந்து ஏறும். ஐந்து வருட வித்தியாசத்தைக் கூட்டினால் 120 சதவீதம். போனஸ் கழிக்கும் முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 3,000 ரூபாய் என்றால் 3,600 ரூபாய் இழப்பு. ஆகவே இந்த கிளெய்ம் லாபம்தான். அதுவே இரண்டு இண்டிகேட்டர், ஒரு மட்கார்டு என்று 3,000 ரூபாய் பிளாஸ்டிக் சேதம் மட்டும் என்றால் கைக்கு 1,400தான் வரும், அதற்காக போனஸை விடாதீர்கள், சொந்தக் காசில் மாற்றிவிடுங்கள். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசியில் சேர்த்திருந்தால் கணக்கு உங்கள் பக்கம் இன்னும் சாயும்.

நியாயமில்லாத காரணம் சொல்லி மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. நேரமும் இடமும் பதிந்த அந்த போட்டோக்கள் அங்கேயும் பேசும்.

டேங்க் டெண்டை எடுப்பது

பெயிண்ட் உடையாத, ஆழமில்லாத வட்டமான குழி என்றால் பெயிண்டைத் தொடாமலே டெண்ட் எடுக்கும் ஆட்களிடம் போங்கள். சென்னை, கோவை, பெங்களூரில் கிடைக்கிறார்கள். கார் கதவைப் போல டேங்குக்கு உள்ளே கை விட முடியாது, பெட்ரோல் ஊற்றும் வாயும் பம்ப் கழற்றிய துளையும்தான் வழி, அதனால் வளைந்த கம்பி எட்டும் இடத்தை உள்ளிருந்து தள்ளியும் எட்டாத இடத்தைப் பசை ஒட்டி வெளியே இழுத்தும் எடுப்பார்கள். விளிம்பிலோ வெல்டிங் தையல் மேலோ விழுந்த டெண்ட் இதில் சரியாக வராது, அதற்கு டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்ற பழைய வழிதான். இரும்பு டேங்க் அப்படியே வெளியில் தெரியும் புல்லட், கிளாசிக் மாதிரி வண்டிகளுக்குத்தான் இந்தத் தலைவலி அதிகம். டேங்க் மேல் பிளாஸ்டிக் மூடி உள்ளவற்றில் அந்த மூடியை மட்டும் மாற்றினால் போதும்.

ஹேர் டிரையரில் சூடாக்கி, உடனே ஐஸ் வைத்தால் டெண்ட் தானாக வெளியே வரும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. இரும்பு டேங்கில் அதை நம்பாதீர்கள். சுடுதண்ணீர் வைத்தியம் வளைந்த பிளாஸ்டிக் பாகத்துக்குச் சில சமயம் பலிக்கும், அவ்வளவுதான். பட்டறையில் நெருப்போ வெல்டிங்கோ காட்டுவதாக இருந்தால் டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, காலி செய்து, நன்றாகக் கழுவிய பிறகுதான் என்று கறாராகச் சொல்லுங்கள். காலி டேங்கில் தங்கி நிற்கும் பெட்ரோல் ஆவி, பெட்ரோல் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது.

வேலை முடிந்து வண்டி எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் சாய்ந்த கோணத்தில் டேங்கைப் பாருங்கள், பெயிண்ட் நிறம் பக்க மூடிகளோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள், பெட்ரோல் பங்கில் பாதி டேங்குக்கு மேல் நிரப்பி ஓரிரண்டு மணி நேரம் விட்டுத் தையலில் விரல் வைத்து ஈரமோ பெட்ரோல் வாடையோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.